வினாத்தாளை நீட்டும் முன்

மனக்காயத்துக்குச் சிகிச்சை தரும் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்காரும் மொழிபெயர்ப்பாளர் நான்.

ஒருமுறை ஓர் அம்மா, "நெஞ்சு பாரமா இருக்கு, இறக்கி வைக்க இடமில்லை" என்றார். அவசரத்தில் முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன். கோப்பில் 'நெஞ்சுவலி' என்று ஏறியது. இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அவர் வரவே இல்லை. தவறு என்னுடையது. ஆனால் "பாரம் என்றால் என்னம்மா?" என்று அந்த அறையில் யாரும் கேட்கவும் இல்லை.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனக்காயத்துக்கு வைத்த பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல். கெட்ட கனவு, திடுக்கிடல் என்று அதிலுள்ள அறிகுறிகள் பலருக்கும் பொருந்துகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1970களில் கம்போடியாவில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சியில் உயிர் தப்பிய கம்போடியர்கள் பலருக்குப் பெரிய பயம் வேறு. 'கியால்' என்ற காற்று உடம்புக்குள் மேலேறி, கழுத்து ரத்தக்குழாயை வெடிக்க வைத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். எழுந்து நிற்கும்போது லேசாகத் தலை சுற்றினாலே போதும், சாவு பயம் பிடித்துக்கொள்ளும். கனவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுக் காற்றைப் பற்றிக் கேட்காமல் விட்டால், அந்தப் பயம் அப்படியே உள்ளே கிடக்கும். அந்தக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு கியாலைச் சேர்த்துக்கொண்டது. நோயாளி தன் சிக்கலைத் தன் சொல்லிலேயே சொல்ல வழிவிடும் 16 கேள்விகளையும் தந்தது. நான் உட்கார்ந்த அறைகளில் அவற்றை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இந்தச் சமூகத்து ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள்" என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் கேட்காமல் விடுவதுதான். ஒரே வீட்டில் அண்ணன் பேசிப் பேசி ஆறுவார், தங்கை வேலையில் மூழ்கி ஆறுவாள். குடும்பத்தார் முன்னால் வாயை மூடிக்கொள்பவர், தனியாக இருக்கும்போது கொட்டித் தீர்ப்பார்.

சரி, நான் கேட்பது இதுதான். அறிகுறிகளைக் கேட்கும் வினாத்தாளை நீட்டும் முன், "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அவர் மொழியிலேயே கோப்பில் எழுதுங்கள். சந்திப்பு முடிந்ததும் எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்றைக்கு அந்த ஐந்து நிமிடம் இருந்திருந்தால், அந்த அம்மா சொன்ன மீதிப் பாதியையும் உங்களிடம் சேர்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்