உம்முடைய ‘தாத்தா’ பாடத்திலேயே இருக்கட்டும், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று இரவு நீர் அனுப்பின குரல் செய்தியை இரண்டு தரம் கேட்டேன். காலி வீதிச் சத்தத்துக்கு நடுவில் பஸ்சுக்கு நின்றுகொண்டே பேசியிருக்கிறீர் போல. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உம்மைப் போல இன்னும் சிலர் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பேர் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

முதலில் தாத்தா விஷயம். குடும்பம் பற்றிய பாடத்தில் உம்முடைய மூத்த சகோதரியைத்தான் “என் தாத்தா ஒரு டீச்சர்” என்று நீர் சொல்ல, சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்பதால் வகுப்பு முழுக்க உம்முடைய வாப்பாவைப் பற்றிச் சொல்வதாக நினைத்திருக்கிறது. பிறகு ஒருவர் புத்தகத்தைப் புரட்டி, இதில் ‘அக்கா’ என்றுதானே இருக்கிறது, மிஸ் பேசுவது சரியான தமிழ் இல்லையா என்று கேட்டிருக்கிறார். நீரும் “அக்காதான் சரி” என்று சொல்லி போர்டை அழித்துவிட்டீர். வீட்டுக்கு வந்த பிறகுதான் தொண்டையில் ஏதோ நின்றது என்றீர்.

நிற்கத்தானே செய்யும். நீர் அழித்தது உம்முடைய வீட்டை அல்லவா.

நீர் சொன்னதில் பிழையே இல்லை. கொழும்பில் ஒரு முஸ்லிம் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து குடியிருப்பவர் வீட்டில் அது பாட்டன், அடுத்த கதவில் சிங்களப் பிள்ளைக்குத் தகப்பன். ஒரே மாடிப்படியில் மூன்றும் கேட்கும். அந்த உத்தியோகத்தர் நாளைக்கு ஒரு கவுண்டரில் இருக்கப் போகிறவர், மருதானையிலிருந்து ஒரு பிள்ளை வந்து “எங்க தாத்தா கையெழுத்துப் போடுவா” என்றால் அவர் படிவத்தில் தகப்பன் பெயரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. ஆகவே அக்காவும் இருக்கட்டும், தாத்தாவும் இருக்கட்டும், இரண்டையும் போர்டில் எழுதி, இது எங்கள் வீட்டுத் தமிழ் என்று தலை நிமிர்ந்து சொல்லும். “முஸ்லிம் என்றால் தமிழ் எப்படி?” என்று கேட்பார்கள். என்னிடம் “மிஸ் யாழ்ப்பாணமா?” என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி அமைதியாவார்கள். நாம் வகுப்புக்குள் போகும்போது மொழியை மட்டும் கொண்டுபோவதாக நினைக்கிறோம், அவர்களோ முதலில் ஆளைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டுமே.

இப்போது நான் உமக்கு இதுவரை சொல்லாத ஒன்று.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது 78 வயது, 34 வருடம் படிப்பித்து பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றவர். கவுண்டரில் இருந்த இளம் பையன் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தமிழில் தொடங்கினார். “அம்மா வா. இரு. இங்க கையெழுத்துப் போடு.” அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார், தான் படித்ததைப் பாவிக்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். அம்மா இருந்தார், கையெழுத்துப் போட்டார், சிங்களத்தில் ‘ஸ்தூதியி’ என்று நன்றியும் சொன்னார். திரும்பி வரும்போது த்ரீவீலுக்குள் வெள்ளவத்தைச் சந்தை தாண்டும்வரை ஒரு கதையும் இல்லை. பிறகு கேட்டார்: “நல்ல பிள்ளை. ஆர் அவருக்கு இப்பிடிப் படிப்பிச்சது?”

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்த வருடமும் என்னுடைய முதல் பாடம் வா, போ, இரு, எழுது என்றுதான் இருந்தது. இலக்கணமாகப் பார்த்தால் அதுதான் சுலபம், வினையடியே ஏவல், அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போகலாம், மரியாதை எட்டாவது வாரத்தில் வரும். எட்டாவது வாரத்துக்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். வா, போ மட்டும் அவர்களோடு அலுவலகத்துக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு முதல் நாளிலேயே ‘வாங்க, இருங்க’ தான். ‘வா’ என்பதைப் பிறகு, யாரிடம் சொல்லலாம் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன். நீரும் அப்படியே செய்யும். இது கஷ்டம்தான், ஏனென்றால் பேச்சுச் சிங்களத்தில் மம யனவா (நான் போகிறேன்), ஒயா யனவா (நீர் போகிறீர்), எயா யனவா (அவர் போகிறார்) என்று ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை, போனான், போனாள், போனார் என்று வால் மாறுவது அவர்களுக்கு மலை ஏறுகிற மாதிரி. ஒரு பெரியவரைப் பற்றி “அவன் வந்தான்” என்று சொன்னால் அது அகங்காரம் என்று உடனே எடுக்க வேண்டாம். ஆனால் சிங்களம் மரியாதை இல்லாத மொழியா? ‘வரென்’ என்று மரியாதையில்லாமல் கூப்பிடுவதற்கும் ‘என்ன’ என்று மரியாதையாகக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரம் எந்தச் சிங்களப் பிள்ளைக்கும் தெரியும். (அவர்களுடைய ‘என்ன’ தான் எங்கள் ‘வாங்க’, எங்கள் காதுக்கு அது கேள்வியாகக் கேட்கும் என்று சொல்லிப் பாரும், வகுப்பே சிரிக்கும்.) ‘வா’வுக்குப் பக்கத்தில் ‘வரென்’ என்று நான் போர்டில் எழுதின முதல் நாள், முன்வரிசையில் இருந்த ஒரு உத்தியோகத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வருடமாகத் தன்னிடம் வருகிற தமிழ் ஆட்களையெல்லாம் ‘வா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், பாவம், அன்பாக. விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

உம்மை நான் ‘நீர்’ என்று எழுதுகிறேன், பார்த்தீரா? நீங்களும் இல்லை, நீயும் இல்லை, இடையில் ஒரு உரிமை, எங்கள் ஊர்ப் பழக்கம். உங்கள் வீட்டில் இது இல்லை என்று தெரியும். வேண்டாம் என்றால் சொல்லும், மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம் அந்தச் சீருடைக்காரர்கள். நேரம் இல்லை, கட்டளைகளை மட்டும் சொல்லித் தாருங்கள் என்று கேட்கிறார்கள் என்றீர். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். தெரிந்த தமிழைச் சொல்லுங்கள் என்று முதல் நாள் கேட்டேன். “நில். கையைத் தூக்கு. ஐசி எடு.” ஐசி என்றால் அடையாள அட்டை. உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை. யுத்தம் நடந்த 90களில் இதே கொழும்பில் சோதனைக்காகப் பஸ்சால் இறக்கி வரிசையில் விட்டபோது அந்தச் சொற்களை மறுபக்கத்தில் நின்று கேட்டவள் நான். சோக்கை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மணி சொல்லும் பாடத்தைத் தொடங்கினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, டீச்சர் என்றால் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. இன்றைக்கென்றால் சொல்லியிருப்பேன், கோபத்தோடு இல்லை, இதை நான் இப்படித்தான் கேட்டேன், அப்போது என் கால் நடுங்கியது என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருப்பார். வகுப்புக்கு முதல் வருகிறவரும் கடைசியாகக் கதிரையை அடுக்கிவிட்டுப் போகிறவரும் அவர்தான்.

கட்டளை சொல்லித் தர மாட்டேன் என்று நிற்க வேண்டாம், அவர்கள் வேலைக்கு அது தேவை. நில்லுங்க, ஐசியைக் காட்டுங்க, பையைத் திறங்க. அதோடு “பயப்பட வேண்டாம்”, “நீங்க போகலாம்” என்ற இரண்டையும் கட்டாயம் சேரும். அந்த இரண்டாவது வசனம் என்னுடைய பாடங்களில் பல வருடம் இருக்கவே இல்லை. வரிசையில் நின்றபோது நான் கேட்க ஏங்கினது அதைத்தான்.

கடைசியாக, வாய்மொழிப் புள்ளியைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லிக் கேட்கிற அந்த ஐயா. 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்த அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில், சிங்களவர் என்றால் தமிழில், தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007 சுற்றறிக்கை வந்ததிலிருந்து இந்தக் கெஞ்சல் நமக்குப் புதிதில்லை. சம்பள ஏற்றம் அதில் தொங்குகிறது, வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்ல மனிதர், உமக்கு மனம் இளகுகிறது. எனக்கும் இளகும். ஆனால் போடாதீர். 1987-ல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது, கடதாசியில். அது ஒரு மனிதரின் வாயில் வருவதற்குத்தான் உம்மையும் என்னையும் வைத்திருக்கிறார்கள். நாம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பத்துப் புள்ளிக்கு, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற யாரோ ஒரு வயதான ஆள், மொழிபெயர்க்கப் பேரனைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தரம் பஸ் ஏறுவார்.

என் அப்பாவை நினைத்துச் சொல்கிறேன். 1956-ல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்த பிறகு, எழுதுவினைஞராக இருந்த அப்பாவும் சிங்களப் பரீட்சை எழுத வேண்டி வந்தது. வேலை முடிந்து பின்னேரங்களில் ஒரு வயதான சிங்கள மாஸ்டரிடம் போனார். அந்தச் சட்டம் அப்பாவைக் கூனிக் குறுக வைத்தது, அந்த மாஸ்டர் ஒரு நாளும் வைக்கவில்லை. பிளேன்டீ கொடுத்து, ‘மஹத்தயா’ (ஐயா) என்று கூப்பிட்டு, கிராமத்து ஆட்கள் எழுதுகிற மாதிரி விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து வாசிக்க வைப்பாராம். பிழை விட்டால் விட மாட்டாராம், திரும்ப, திரும்ப. அப்பா சாகும்வரை அவரை ‘குருதுமா’, ஆசிரியர் ஐயா, என்றுதான் சொன்னார்.

அந்த ஐயாவுக்குப் புள்ளிக்குப் பதிலாகச் சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் கொடுத்துப் பாரும். முடியாவிட்டால் என்னிடம் அனுப்பும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாரும், உம்முடைய முதல் மூன்று பாடங்களையும் சேர்ந்திருந்து மாற்றி எழுதுவோம். குடும்பப் பாடத்தை நீரே எழுதும்.

உம்மாவுக்கும் தாத்தாவுக்கும் என் சலாம்.

அன்புடன்,
டீச்சர் அக்கா
வெள்ளவத்தை