செயலாளரின் ஆண்டறிக்கை – 2025 (அறிவியல் சங்கம், தருமபுரி)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடினோம். போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம்: எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி யார் பேசினாலும் "இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். முதல் இரண்டு மாதம் பேச்சாளர்கள் திணறினார்கள். ஆனால் கூட்டங்களுக்கு உயிர் கொடுத்தது இந்த விதிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோதலாம் என்று வாட்ஸ்அப்பில் பரபரத்தது. வாய்ப்பு 3 சதவீதத்தைத் தொட்டு, சில நாட்களிலேயே ஏறக்குறைய பூஜ்யமானது. முதலில் ஏன் ஏற வேண்டும், பிறகு ஏன் விழ வேண்டும்? சிறுகோள் போகக்கூடிய பாதையை ஓர் அகலமான பட்டையாகத்தான் முதலில் கணிக்க முடியும். அளவீடுகள் சேரச் சேரப் பட்டை ஒடுங்கும். ஒடுங்கும் பட்டைக்குள் பூமி இருக்கும்வரை சதவீதம் ஏறும். வெளியே விழுந்ததும் சரிந்துவிடும். பேசிய உறுப்பினர் இதைத் தன் மேல்துண்டை மடித்து மடித்துக் காட்டினார்.

ஜூன் மாதக் கூட்டம் இரவு ஒன்பது மணிவரை நீண்டது. 2023 செப்டம்பரில் உலகெங்கும் உள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவிகளில் ஒரே சீரான அதிர்வு ஒன்பது நாட்கள் பதிவானது. சுமார் 90 விநாடிக்கு ஒரு துடிப்பு. நிலநடுக்கம் இப்படி இருக்காதே என்று ஆய்வாளர்கள் குழம்பினார்கள். கிழக்கு கிரீன்லாந்தின் டிக்சன் கடற்கழியில், அடியில் முட்டுக்கொடுத்திருந்த பனியாறு உருகி மெலிந்ததால் மலைமுகடு ஒன்று சரிந்து விழுந்திருக்கிறது. சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்தது. குறுகிய கழிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர், அண்டாவில் தளும்புவதுபோலக் கரைக்குக் கரை ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தில்தான் பூமி முழுதும் மெல்ல அதிர்ந்திருக்கிறது. காரணம் 2024-இல் வெளியானது. நீர்மட்டத்தை அளக்கும் ஸ்வாட் செயற்கைக்கோளின் பதிவுகளில் அந்தத் தளும்பல் நேரடியாகத் தெரிந்தது என்று 2025 ஜூனில் உறுதி செய்தார்கள். அந்த ஒன்பது நாளும் நம் ஊர்த் தரையும் அதிர்ந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு மாணவி எழுந்து சொன்னபோது கூடம் அமைதியானது.

ஜூலையில் சிலியில் உள்ள தொலைநோக்கி கண்ட 3ஐ/அட்லஸ் வால்மீனைப் பற்றிப் பேசினோம். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்து நம்மிடம் பிடிபட்ட மூன்றாவது பொருள் இது. சூரியனால் பிடித்து வைக்க முடியாத வேகம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

ஆகஸ்டில் கிருஷ்ணகிரி சாலையில் ஒரு கல் அறுக்கும் பட்டறைக்குப் போனோம். மூலையில் கிடந்த சார்னோக்கைட் என்ற பாறைப் பலகையைக் காட்டி, "தண்ணி விட்டுப் பாருங்க சார், அப்பத்தான் நிறம் தெரியும்" என்றார் மேஸ்திரி. ஒரு குவளைத் தண்ணீர் பட்டதும் சாம்பல் கல் எண்ணெய் தடவியது போலப் பச்சையாகி, நடுவே நீலம் ஓடிய குவார்ட்ஸ் மின்னியது. நம் பகுதிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. எப்படித் தெரிந்தது? உள்ளே இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவிலிருந்து. அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்குப் பேச்சு போனது. அங்கே கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 2172 என்று சொன்னதும் அதேபோல ஒரு கதிரியக்கக் கடிகாரம்தான், கரிமக் கடிகாரம்.

செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தை உறுப்பினர் ஒருவர் வீட்டு மாடியில் பார்த்தோம். மேகம் படுத்தியது. பதினொன்றரை மணிக்குமேல் பத்து நிமிடம் விலகிய இடைவெளியில் செம்பு நிற நிலா தெரிந்தது. சுண்டல் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒரு வேண்டுகோள் மட்டும். 2026 மார்ச் 3 மாலை நிலா கிரகணத்தோடேயே உதிக்கும், 6.50-க்குள் முடிந்துவிடும். கிழக்கில் மரமோ கட்டடமோ மறைக்காத மொட்டைமாடி யாரிடமாவது இருந்தால் பிப்ரவரி கூட்டத்துக்குள் சொல்லுங்கள்.

செயலாளர்