நீலத் தலையன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். போனில் பேசினால் நீ ஒரு "ம்", நான் ஒரு "ம்" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். சின்னவள் டிவியில் என்னத்தையோ தேடிப் போட்டாள். பார்த்தால் நம்ம நீலத் தலையன்! 'மெகாமைண்ட்'. 2010-இல் வந்த கார்ட்டூன் படம். ஒரு கோடை லீவு முழுக்க சிடி தேயத் தேய நீ பார்த்தாயே, அதேதான். அப்போது நான் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வில்லன்தான் கதாநாயகன் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

கிரகம் அழியப் போகிறது என்று இரண்டு குழந்தைகளை விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஒன்று பணக்கார வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் போய் இறங்கி ஊர் மெச்சும் மெட்ரோ மேன் ஆகிறது. நம்ம ஆள் விழுவது ஜெயிலில். வளர்ப்பது கைதிகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆள் பிரித்தால் கடைசிவரை நிற்பவனும் அவன்தான். கூட இருப்பது ஒரு மீன் மட்டும். "ஹலோ"வை "ஓலோ" என்பான். ஊர்ப் பேரையே தப்பாகச் சொல்வான். கடைசியில் ஹீரோ வேஷம் போட்டு வரும்போது அந்த உச்சரிப்புதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. "வாலப்பலம்" என்று இன்றைக்கும் சொல்லும் நீ எந்த ஊரில் மாறுவேஷம் போட்டாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எதிரி மெட்ரோ மேன் தொலைந்தான், ஊரே கைக்கு வந்தது, கொஞ்ச நாள் ஆட்டம். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறான் பார், அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோனேன். நம் வீட்டில் இப்போது ரிமோட் என் கையில்தான். ஃபேனை எத்தனையில் வைத்தாலும் கேள்வி இல்லை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பவும் ஆள் இல்லை, "அஞ்சே நிமிஷம்பா" என்று கத்தவும் ஆள் இல்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

அவனாவது சண்டைக்குப் புதிதாக ஒரு ஹீரோவைத் தயாரிக்கிறான். எதிலிருந்து? பழைய ஹீரோவின் பொடுகிலிருந்து! இதைக் கேட்டதும் சின்னவள் திரும்பி என் தோள்பட்டையைப் பார்த்தாள். அந்தச் சக்தி போய்ச் சேர்ந்ததோ ஒன்றுக்கும் உதவாத ஒரு கேமராக்காரனிடம். கெட்டவன்தான் ஊரைக் காப்பாற்ற வேண்டியதாகிறது. செத்ததாக நினைத்த மெட்ரோ மேன் சாகவே இல்லை, அலுத்துப்போய் எங்கோ ஒளிந்து கிடார் வாசித்துக்கொண்டிருக்கிறான். சின்னவளுக்கு அவன்மேல் ஒரே கோபம். எனக்கு வரவில்லை. 36 வருஷம் ஆபீசுக்குப் போய்வந்தவனுக்குத்தான் அது தெரியும்.

சொல்ல வந்தது வேறு. ஆரம்பத்தில், பெற்றவர்கள் குழந்தையை ஏற்றி மூடும்போது, "நீ பிறந்ததே..." என்று எதையோ சொல்ல வருவார்கள். மீதி அவன் காதில் விழாது. என்னவோ முக்கியமான விஷயம் போலத் தெரிந்தது என்பான். வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய இடம். சின்னவள் சிரித்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் அன்றைக்கும் சண்டைதான், பெட்டி எடை கூடிவிட்டது என்று. முகம் கொடுக்காமலே உள்ளே போனாய். நான் ஓடிவந்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் உன்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "என்னப்பா?" என்று தலையை ஆட்டினாய். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். "அப்பா கண் கலங்கி என்னவோ சொல்ல வந்தார், என்ன என்று கேட்டுச் சொல்" என்று அக்காவிடம் கேட்டாயாமே.

கண் கலங்கியது உண்மைதான். ஆனால் சொல்ல வந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை, பெட்டியைப் படுக்கப் போடாதே என்று. அந்த வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை போயிற்றா? போகாவிட்டால் கடலை மாவு போட்டு ஊறவைத்துப் பார்.

அப்பா