மறதிநோய் இரத்தப் பரிசோதனை: நம் மக்களுக்கான அளவு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறதிநோயை முன்கூட்டியே காட்டும் உயிர்க்குறியீடுகளை, அதாவது இரத்தம் போன்றவற்றில் அளந்து பார்க்கும் நோய் அடையாளங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மறதிநோயால் அவதிப்படும் அம்மாவைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மகள் என்ற முறையில், அதில் விடுபட்டதாக எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு நினைவாற்றல் சோதனை செய்தார்கள். "இது என்ன மாதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டதும், அம்மா சற்றும் தயங்காமல் "புரட்டாசி" என்றார், அதனால்தான் வீட்டில் கறி மீன் சமைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். சோதித்தவர் தாளில் சுழியம் போட்டார். நான் விளக்கியும் அவர் அதைத் திருத்தவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பா வேலையிலிருந்து வந்திருப்பாரா என்று அம்மா கேட்டார். சரியான பதிலைத் தவறென்று எழுதிய அந்தத் தாளில், உண்மையான தடுமாற்றத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஆகவே, எந்த மொழியில் பதில் சொல்கிறோம் என்று பார்க்காத ஓர் இரத்தப் பரிசோதனை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-இல் விவரித்த மூளைப் படிவுகளை, இறந்தவரின் மூளையை அறுத்துப் பார்த்தே உறுதிசெய்ய முடியும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. பிறகு முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிப்பதும், அந்தப் படிவுகளைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேனும் வந்தன. இரண்டுமே எளிய குடும்பங்களின் கைக்கு எட்டாதவை. அந்தப் படிவுகளில் ஒன்றான அமிலாய்டு புரதம் அறிகுறிகளுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் படியத் தொடங்குகிறது என்பதால், அதை ஒரு குப்பி இரத்தத்தில் கண்டறிவது சிறிய காரியமன்று. 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பரிசோதனை, இரத்தத்திலுள்ள, அல்சைமர் நோயில் அளவு கூடும் பி-டௌ 217 என்ற புரதத்துக்கும் அமிலாய்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுகிறது. அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கே உரியது. அமிலாய்டு படிந்த எல்லாருக்கும் மறதிநோய் வந்துவிடுவதில்லை என்பதால், அறிகுறியே இல்லாதவர்கள் பயந்துபோய் ஓட வேண்டியதில்லை.

ஆனால் இரத்தமும் எல்லாருக்கும் ஒரே கணக்கைச் சொல்வதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டால் பி-டௌ இரத்தத்தில் தேங்கிவிடும். மூளையில் அல்சைமர் மாற்றம் இல்லாதவருக்கும் அளவு கூடித் தெரியலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்பதை டர்பனில் நம் வீடுகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பரிசோதனைகளுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த வெள்ளையர். அவர்களை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே நம் முதியவர்கள்மீது போட்டால், அந்தச் சுழியம் இன்னொரு தாளில் மறுபடியும் விழும்.

இந்நாட்டு ஆய்வு நிறுவனங்கள் நம் முதியவர்களையும் சேர்த்து அளவுகளை வகுக்க வேண்டும். பரிசோதனை முடிவோடு சிறுநீரகச் செயல்பாட்டையும் குறிக்க வேண்டும். நம் ஆலயங்களும் தமிழ்ச் சங்கங்களும் மக்களிடம் இதைப் பேச முன்வர வேண்டும். எனக்கு வயது 61, சர்க்கரை நோயும் உண்டு. அப்படியோர் ஆய்வு டர்பனில் தொடங்கினால், இரத்தம் கொடுக்க முதல் ஆளாகக் கை நீட்டுவேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்