அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய புகைப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். டார்செட் மாவட்டத்து டைனம் என்ற ஊரின் பள்ளிக்கூடத்து முன் குழந்தைகள் மூன்று வரிசையாக நிற்கும் படம் அதில் இருந்தது. படத்தின் கீழே, "1943, கடைசி மணி அடிக்கும் முன். பெயர் தெரியாத கிராமத்துக் குழந்தைகள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் அதே மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். உங்கள் இதழைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவள்.

டைனம் பள்ளி மூடப்பட்டது 1932ஆம் ஆண்டு. ஊரை ஒட்டிய வோர்பாரோ கடற்கரையில் மீனவர்களும் கடலோரக் காவலர்களும் குறைந்தார்கள், பிள்ளைகளும் குறைந்தார்கள், பள்ளியை நடத்த முடியாமல் போயிற்று. போர்ப் பயிற்சிக்காக இராணுவம் ஊரைக் காலி செய்யச் சொன்னது 1943 நவம்பரில். டிசம்பர் 19ஆம் தேதிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே 11 ஆண்டுகள் இருக்கின்றன. பாடத்தின் நடுவே பிள்ளைகளை எழுப்பி அனுப்பியது போல உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கும் காட்சி நடக்கவே இல்லை. படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தாலே போதும். பெண் குழந்தைகள் முழங்கால் தாண்டும் வெள்ளை மேலங்கி போட்டிருக்கிறார்கள், பையன்களின் கழுத்தில் அகன்ற கஞ்சிக் காலர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குழந்தைகள் இப்படியா உடுத்தினார்கள்? தாங்கள் அறியாததல்ல.

ஆண்டு தவறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'பெயர் தெரியாத' என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது. உள்ளே பெஞ்சுகளையும் நோட்டுப் புத்தகங்களையும் பழையபடி வைத்திருக்கிறார்கள். சட்டை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே குழந்தைகளின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. கூரையில்லாமல் நிற்கும் வீடுகளின் சுவர்களில் அங்கே குடியிருந்தவர்களின் பழைய படமும், குடும்பப் பெயரும், செய்த வேலையும் பலகையாக வைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் லல்வொர்த் பீரங்கிப் பயிற்சி மைதானம் இருப்பதால் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் பொதுமக்களை விடுவார்கள். ஆனாலும் போனவர் எவரும் அந்தப் பெயர்களைப் படிக்காமல் திரும்ப முடியாது.

என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற 1990களில் அவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் படித்தவர். இதே போன்ற வகுப்புப் படம் ஒன்று அவர் படுக்கைக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. நான் கட்டுப் பிரிக்கும்போது வலி தெரியாமலிருக்க அந்தப் படத்தைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவார். இவள் ஊர்க் காவலரின் மகள், படம் எடுப்பதற்காக அக்காவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள், பெரிதாக இருக்கிறது பார். இவன் முகம் மங்கலாக இருப்பது ஏன் தெரியுமா, தும்மிவிட்டான். இவனைக் கடல் கொண்டுபோயிற்று. கடைசி வரிசை வரை ஒரு பெயரும் விடுபடாது. யாரும் வந்து கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பது மட்டும் அவருக்கு வருத்தம். அவர் போன பிறகு அந்தப் படம் எந்தக் குப்பைக்குப் போனதோ, எனக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளிகளைத்தான் நீங்கள் பெயர் தெரியாதவர்கள் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தேடினால் அவர்கள் பெயர்கள் பள்ளியிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் டார்செஸ்டரில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல, ஐயா. முன்பு ஓர் இதழில் வில்ட்ஷயர் மாவட்டத்து லேகாக் மடத்தின் சன்னல் படத்தை, 'உலகின் முதல் புகைப்படம்' என்று போட்டீர்கள். புகைப்படக் கலையின் முன்னோடி டால்பாட் 1835 ஆகஸ்டில் எடுத்த அது, இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ். முதல் புகைப்படம் அல்ல. பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு சன்னலிலிருந்து 1820களிலேயே படம் எடுத்துவிட்டார். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இன்னொரு முறை, ஸ்டாஃபர்ட்ஷயரின் ஆபட்ஸ் பிரோம்லி ஊரில் கலைமான் கொம்பைத் தூக்கி ஆடும் ஆட்டத்தின் படம் வந்தது. எடுத்தவர் சர் பெஞ்சமின் ஸ்டோன். பர்மிங்ஹாம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே ஊர் ஊராகக் கேமராவுடன் அலைந்தவர். தேவாலயங்கள், திருவிழாக்கள், குடிசைகள் எல்லாம் கண்ணெதிரே மறைகின்றன என்று பதறி 1897இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாளைக்கு மங்கிவிடக் கூடாதென்று நிறம் மாறாத பிளாட்டினம் அச்சில் பதிவு செய்யச் சொன்னவர்கள் அந்தச் சங்கத்தார். அந்தப் படத்தை நீங்கள் கணினியில் வண்ணம் பூசி, இரு பக்கமும் வெட்டி, எடுத்தவர் பெயரே இல்லாமல் போட்டீர்கள். ஆடுபவர்களின் உடை என்ன நிறமென்று உங்கள் கணினிக்கு யார் சொன்னார்கள்?

வெட்டுவதைப் பற்றி இன்னும் ஒன்று. கிராமத்துப் படங்களில் பெரும்பாலானவை தபால் அட்டைகளாக வந்தவை. ஊர்ப் பெயரும் புகைப்படக்காரர் பெயரும் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் நடுவே கோடு போட்டுச் செய்தியும் முகவரியும் எழுத இடம் விட்டிருந்தால் அது 1902இலோ அதற்குப் பிறகோ வந்தது. அரை பென்னி தபால்தலை ஒட்டி உள்நாட்டில் போயிருந்தால் 1918 ஜூனுக்கு முந்தையது. இப்படிச் சின்னச் சின்ன விவரங்களை வைத்துத்தான் ஒரு படத்தின் காலத்தைச் சொல்கிறார்கள். ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு ஆண்டைக் கற்பனையில் போட்டால், அடுத்து வருபவர் உங்கள் கற்பனையையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

கட்டுரையில் மற்றொரு வாக்கியம்: "மக்கள் மனமுவந்து ஊரைத் தியாகம் செய்தனர்." போருக்காக விட்டுக்கொடுத்தார்கள், உண்மை. ஆனால் ஒருநாள் திரும்பி வருவோம், அதுவரை வீடுகளையும் தேவாலயத்தையும் கனிவுடன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனார்கள். 225 பேர். அநேகமாக எல்லாரும் ஊரின் நிலச் சொந்தக்காரர்களான பாண்ட் குடும்பத்தின் குத்தகைக்காரர்கள், சொந்த நிலமில்லாதவர்கள். தோட்டத்துக் காய்கறிக்கு மட்டும் ஈடு கொடுக்கப்பட்டது. 1948இல் அரசு ஊரையே கட்டாயமாக வாங்கிக்கொண்டது. நிலத்தைத் திருப்பித் தரலாம் என்று, இராணுவ நிலங்களை ஆராய அரசு அமைத்த நுஜென்ட் பிரபுவின் குழு 1973இல் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. ஊரில் இருந்த, முதலாம் எலிசபெத் அரசி காலத்து மாளிகையின் பெரும்பகுதியை 1960களில் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த மாளிகையையும், அந்த வீடுகளின் கூரைகளையும், அடுப்பங்கரைகளையும் பார்க்க வேண்டுமென்றால் புகைப்படங்களைத் தவிர வேறு வழியில்லை. வீட்டை இழந்தவர்களிடமிருந்து பெயரையும் நாம் எடுத்துக்கொள்ளலாமா?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில் அந்தப் பள்ளிப் படத்தை வெட்டாமல் மீண்டும் வெளியிடுங்கள். 1943 என்பதை நீக்குங்கள். பெயர்களைக் காப்பகத்திலிருந்து கேட்டு வாங்கி, இடமிருந்து வலமாக, வரிசை வாரியாக அச்சிடுங்கள். காப்பகத்துக்கு எழுத உங்கள் அலுவலகத்தில் நேரமில்லையென்றால் நானே எழுதி வாங்கி அனுப்புகிறேன், தபால் செலவும் என்னுடையது. இந்த முறையாவது ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி ஒருவர்,
டார்செட், இங்கிலாந்து