2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு பிறந்ததே புயலோடுதான். ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் புயல் வந்து நம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸை வெள்ளக்காடாக்கியது. விழாவைக் கைவிட்டோம். 25ஆம் தேதி தைப்பூசக் காவடி. ஆகவே ரோஸ் ஹில்லில் நாம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு பிப்ரவரியில்தான் தொடங்கியது. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, வேண்டுவோர் பார்க்கலாம்.

இனி, இவ்வாண்டு அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு உடலை அசைத்தே பாடம் சொல்லித் தருவதென்று முடிவெடுத்தோம். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழோ விருப்பப் பாடம். வாரம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையை மறுபடியும் உட்கார வைத்து 247 எழுத்தையும் ஒப்பிக்கச் சொன்னால் என்ன ஆகும்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்.

முதலில் ஏவல் சொற்கள். "எழு, திரும்பு, கதவைத் தொடு, மெல்ல நட" என்று ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் செய்வார்கள். வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த வழி இது. கேட்டுச் செய்து பழகிய பிறகு பேச்சு தானே வரும் என்பது அவர் கருத்து. கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே கைகொடுத்தது.

அடுத்தது மாத்திரை, அதாவது எழுத்தை ஒலிக்கும் கால அளவு. தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டோம். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு கட்டம் தாண்ட வேண்டும். மெய்க்கு அரை மாத்திரைதானே, அதனால் நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி நிமிர்ந்தால் போதும். 'அம்மா' என்றால் ஒரு தாவல், ஒரு மடக்கல், ஒரு நீண்ட தாவல். 'படம்', 'பாடம்' இரண்டையும் ஒன்றுபோலவே எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், எழுதும்போது கால் விரலை அசைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உயிர்மெய்க்கு ஆட்களையே நிறுத்தினோம். 'க' அட்டை பிடித்தவன் நடுவில். கொம்பு அட்டைக்காரி இடப்பக்கம், கால் அட்டைக்காரன் வலப்பக்கம். மூவரும் கைகோத்தால் 'கொ'. கொம்பு மட்டும் நின்றால் 'கெ'. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் ஏன் முன்னால் நிற்கிறது என்று பலகையில் எத்தனை முறை எழுதினாலும் குழம்பும் பிள்ளைகள், இடம் மாறி நின்ற தோழியைத் தாங்களே இழுத்துச் சரியான பக்கத்தில் விட்டார்கள்.

"குதிக்கவா அனுப்பினோம்?" என்று சில பெற்றோர் கேட்டது உண்மை. நியாயமான கேள்விதான். நெதர்லாந்தில் 499 பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. வாரம் மூன்று முறை கணக்கும் மொழிப்பாடமும் அசைவோடு படித்தவர்கள், கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மாதப் படிப்பு முன்னே இருந்தார்கள். ஆனால் வாசிப்பில் வேறுபாடு இல்லை. இந்த இரண்டாவது செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் வாசிப்பு நேரத்தைக் குறைக்க நாம் சம்மதிக்கவில்லை. வாரம் ஒரு நாள் வகுப்பில் அதே அளவு பலனை எதிர்பார்க்கவும் கூடாது. அப்புறம், பாடத்துக்கு நடுவே சும்மா கைகால் உதறுவது வேறு, அசைவே பாடமாக இருப்பது வேறு. பிள்ளைகள் கலகலப்பாக இருந்தாலே பாடம் நடந்துவிட்டதாக நினைக்கும் ஆசிரியர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

சிக்கல்களும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் தூறல் விழுந்தால் முற்றம் வழுக்குகிறது. கூடத்துக்குள் வந்தால் சத்தம் பூசைக்கு இடையூறு என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள மூத்த ஆசிரியைகள் நாற்காலியிலிருந்தே தாளம் போட்டு நடத்துகிறார்கள், அது நன்றாகவே நடக்கிறது. நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தாவலுக்குப் பதில் கைதட்டு.

வரும் ஆண்டுக்கு ஒரே கோரிக்கை. வாராவாரம் சாக்குக்கட்டிக் கோடு மழையில் கரைந்துபோகிறது. கூடத்தின் பின்தாழ்வாரத்தில், பந்தி போடும் இடத்தைத் தொடாமல், மாத்திரைக் கட்டங்களைப் பெயின்ட் அடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். வழிமொழிபவர் கை உயர்த்தலாம். வாக்கெடுப்புக்குப் பின் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்