மெக்ஸார்லிஸ் கடைக்கு ஒரு நன்றி மடல்

மேட்டி மாஹர் ஐயாவின் குடும்பத்தாருக்கும், கிழக்கு 7ஆம் தெருக் கடையில் கை நிறைய மக் சுமந்து வரும் எல்லோருக்கும்,

வணக்கம். நியூயார்க்கை விட்டுக் கிளம்புகிறேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்லாமல் போகிறோம் என்று யோசித்தால், முதலில் வந்து நிற்பது ஒரு பீர் கடை. ஊரில் இதைப் படிக்கும் சித்தி, அத்தைமார் டாஸ்மாக்கை நினைத்துக் கலங்க வேண்டாம்.

வந்த புதிதில், அறையில் ஹீட்டர் படுத்துவிட்ட ஒரு மாலை. உங்கள் முன்னறையில் இரும்பு அடுப்பு எரிவது தெரிந்துதான் உள்ளே நுழைந்தேன். தரை முழுக்க மரத்தூள். "லைட்டா, டார்க்கா?" வெளிர் பீரா, கரும்பீரா என்ற கேள்வி அவ்வளவுதான். ஒன்று கேட்டால் இரண்டு சின்ன மக் வரும் என்று எனக்குத் தெரியாது. யாருடையதையோ தவறி வைத்துவிட்டார் என்று ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்து மேசையே சிரித்தது. அப்புறம் சீஸ் தட்டு: உப்பு பிஸ்கட், அரிந்த பச்சை வெங்காயம், மூக்கில் ஏறும் கடுகு. பழைய சோற்றுக்கு வெங்காயம் கடித்து வளர்ந்தவளுக்கு அது போதாதா?

கடையின் பழைய முழக்கத்தை நான் அறிந்தது பிறகுதான்: நல்ல ஏல் (பீரில் ஒரு வகை), பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை. கடை தொடங்கியது 1854 என்கிறது பலகை. சில ஆண்டுகள் பிந்தித்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் நூறாண்டுக்கு மேல் பெண்களுக்கு அங்கே பரிமாறுவதில்லை என்பதுதான் வழக்கம். 1939இல் கடையே டாரத்தி ஓ'கானல் கிர்வன் கைக்கு வந்தது. பெண்களை உள்ளே விடமாட்டேன் என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மதித்து, கடை நடக்கும் நேரத்தில் அவர்கூட உள்ளே வரமாட்டார். சொந்தக்காரியே வாசலுக்கு வெளியே! 1969இல் உள்ளே போய் மறுக்கப்பட்டு, நீதிமன்றம் ஏறிய ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ இருவருக்கும் என் முதல் நன்றி. 1970இல் கதவு திறந்தது. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட மட்டும் 1986 வரை ஆயிற்று. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மேட்டி ஐயா, நீங்கள் 2020 ஜனவரியில் மறைந்துவிட்டீர்கள். 1964இல் அயர்லாந்தில் கார் பழுதாகி நின்ற ஒருவருக்கு உதவினீர்கள். அவர் டாரத்தியின் கணவர் ஹாரி. நியூயார்க் வந்தால் வேலை தருகிறேன் என்றார், வந்தீர்கள். 1977இல் கடையையே வாங்கினீர்கள்.

உங்களை நினைத்தால் விளக்கின்மேல் தொங்கும் வான்கோழிக் கவட்டை எலும்புகள்தான் நினைவுக்கு வரும். முதல் உலகப் போருக்குப் போன பையன்கள் மாட்டியவை, திரும்பியவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் இருப்பது திரும்பாதவர்களுடையது என்பது கடையில் வழிவழியாகச் சொல்லும் கதை. 2011இல் சுகாதார ஆய்வாளர்கள் நெருக்கியபோது வேறு கைக்கு விடாமல் நீங்களே இறக்கி, தூசி தட்டி, திரும்ப மாட்டினீர்கள்.

மேட்டி ஐயாவின் மகள் தெரசா அக்கா, 1994இல் பாருக்குப் பின்னால் நின்ற முதல் பெண் நீங்கள். நான் தனியாக வந்து உட்கார்ந்த நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

வெள்ளிக்கிழமை கடைசியாக வருகிறேன். கார்டு வாங்கமாட்டீர்கள், தெரியும். ரொக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு டார்க், ஒரு சீஸ் தட்டு. வெங்காயம் கொஞ்சம் கூடுதலாக.